கானர்ஸ்வில் முதல் மறையூர் வரை

சிமெண்டை உயரமான சைலோவில் கொட்டி வைத்தால் அது தானாகக் கீழே இறங்காது. தன் கனத்திலேயே இறுகி நின்றுவிடும். அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். காற்று புகுந்த பிறகுதான் தூள் இளகி ஓடும். உலகெங்கும் சிமெண்ட் ஆலைகளில் இப்படி ஊதுவதற்கு இருக்கும் சாதனம் ரூட்ஸ் ப்ளோயர். பாலக்காட்டின் எல்லையில், வாளையாரில் 1984 முதல் சிமெண்ட் உற்பத்தி நடக்கிறது. கிழக்கே திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களிலும் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வாழவைப்பது இதே வகை ஊதுகருவிதான். பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்காது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சுதியில் முழங்கிக்கொண்டிருக்கும்.

அதே சாதனம், இரண்டு கையால் தூக்கிவிடும் அளவில், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறும் பழைய பென்ஸ் சி-கிளாஸ் காரின் பானட்டுக்குள்ளும் இருக்கிறது. பின்புறம் ‘கம்ப்ரெஸர்’ பட்டை ஒட்டிய கார். சூப்பர்சார்ஜர் என்று நாம் சொல்வது அதைத்தான். வாளையார், திருப்பூர், மறையூர் மூன்றுக்கும் பொதுவான இந்த இரும்பு எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போனால் ஒரு கம்பளி ஆலையில் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலை ஓடியது தண்ணீர்ச் சக்கரத்தால். அந்தச் சக்கரத்துக்கு மாற்றாக, ஒரு கூட்டுக்குள் எதிரெதிராகச் சுழலும் இரண்டு மரத்தண்டுகளை அமைத்து அதன் வழியாகத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். மரம் ஊறிப் பருத்துச் சிக்கிக்கொண்டது. பிறகு அதை வெறுமனே சுற்றிப் பார்த்தபோது மறுபக்கம் வந்த காற்றின் வேகம் ஒருவருடைய தொப்பியையே தூக்கி அடித்ததாம். இது ஊர்க்கதையாக வந்தது. பதிவில் இருப்பது 1860-ஆம் ஆண்டுக் காப்புரிமை. தண்ணீருக்காகச் செய்தது காற்றுக்கு உதவும் என்று கண்டுகொண்ட சகோதரர்கள், இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஊதுகருவி செய்து விற்கத் தொடங்கினார்கள். 1870-இல் நியூயார்க் நகரின் பிராட்வே தெருவுக்கு அடியில் ஆல்ஃபிரட் ஈலி பீச் ஒரு குழாய் ரயிலை ஓட்டிக் காட்டினார். பயணிகள் அமர்ந்த பெட்டியைக் காற்றால் தள்ளியது கானர்ஸ்வில்லில் செய்த ராட்சத ப்ளோயர்.

இந்தச் சாதனத்தின் உள்வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் பராமரிப்பு முழுவதும் இதில்தான் நிற்கிறது. நீள்வட்டக் கூடு. அதற்குள் அருகருகே இரண்டு ரோட்டர்கள். பழைய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடல். இன்றைய கார்களில் மூன்று அல்லது நான்கு, அதுவும் முறுக்கிய மடல்கள். ஒரு ரோட்டரின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் வந்து உட்காரும், ஆனால் தொடாது. மெல்லிய தாளை நுழைக்கும் அளவு இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். தொடாமல் காப்பது கோடியில் இருக்கும் ஜோடிப் பற்சக்கரங்கள். ரோட்டருக்கும் கூட்டுச் சுவருக்கும் நடுவில் மாட்டிய காற்று ஓரமாகச் சுற்றி மறுவாயிலுக்குப் போகிறது. ப்ளோயருக்குள் காற்று அழுத்தப்படுவதே இல்லை. வாங்கியதை அப்படியே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் அத்தனை காற்றையும் வாங்க முடியாமல் திணறும்போது அங்கே அழுத்தம் பிறக்கிறது. கம்பளி ஆலையில் பிறந்த சாதனம் சுரங்கத்துக்கும் சிமெண்டுக்கும் கார் இஞ்சினுக்கும் மாறாமல் பொருந்தியதற்கு இந்த எளிமைதான் காரணம் என்று நினைக்கிறேன். தள்ளுவது அதன் வேலை. எதற்குள் தள்ளுகிறோம் என்பது நம் முடிவு.

இஞ்சினுக்குள் தள்ளலாம் என்ற யோசனை பழையது. காட்லீப் டைம்லர் 1885-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் யோசனையை அவசரத் தேவையாக்கியது உயரம். முதல் உலகப்போரில் விமானங்கள் மேலே போகப்போக இஞ்சினுக்கு மூச்சு முட்டியது. 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு லிபர்ட்டி விமான இஞ்சினை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். உயரம் ஏறக்குறைய 4,300 மீட்டர். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த இஞ்சின் சிகரத்தில் 230-க்கு இறங்கியது. புகைபோக்கிக் காற்றால் சுழலும் டர்போவைப் பூட்டியதும் 356 வந்தது. மலை எடுத்துக்கொண்டதை இயந்திரம் திருப்பி வாங்கிக் கொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை.

டைம்லர் நிறுவனம் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் ரூட்ஸ் ப்ளோயர் பூட்டிய மெர்சிடிஸ் கார்களைக் காட்டியது. ஆக்ஸிலரேட்டரை அடிமட்டம் வரை மிதித்தால் மட்டும் ப்ளோயர் இணையும், இணைந்ததும் வீறிடும். இங்கிலாந்தில் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ப்ளோயரை டிம் பர்க்கின் பென்ட்லி நாலரை லிட்டர் காரின் மூக்கில் மாட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் ப்ளோயரைப் படத்தில் பார்க்காத கார் பிரியர் இருக்க மாட்டார். காருக்குப் பெயர் கொடுத்த நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு மட்டும் அதில் சம்மதமில்லை. திறன் வேண்டுமா, இஞ்சினைப் பெரிதாக்கு, வெளியிலிருந்து ஊதாதே என்பது அவர் கட்சி. 1929-லும் 1930-லும் லே மான்ஸ் பந்தயத்தை வென்றது ஊதாத ‘ஸ்பீட் சிக்ஸ்’ பென்ட்லிதான். ப்ளோயர் பூட்டிய கார் அங்கே ஒருமுறையும் வெல்லவில்லை. பென்ட்லி சொன்னதில் ஒரு பாதி இன்றும் சரி. ப்ளோயர் தானாகச் சுற்றுவதில்லை. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சக்தியை எடுத்துத்தான் சுற்றுகிறது. கொடுப்பதற்கு முன்னால் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மாட்டியதோடு முடியாமல், கவனிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தியாவில் மகாராஜாக்களின் கராஜ்களில் சூப்பர்சார்ஜர் கார்கள் நின்றன. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் 1935-ஆம் ஆண்டு டூசன்பர்க் எஸ்.ஜே. அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் ரூட்ஸ் ப்ளோயர் உண்மையில் உழைத்துப் பெயர் வாங்கியது டீசலில். ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்த ‘71’ வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் இஞ்சினுக்குத் தானாகக் காற்றை இழுக்கத் தெரியாது. எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்பவே ப்ளோயர் வேண்டும். லாரி, பஸ், போர்க்காலத் தரையிறங்கு படகு, ஷெர்மன் டாங்கியின் ஒரு வகை என்று லட்சக்கணக்கில் போயிற்று. போர் முடிந்ததும் அந்தப் ப்ளோயர்கள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்தன. கலிபோர்னியா இளைஞர்கள் ஆறு சிலிண்டர் டீசலின் ‘6-71’ ப்ளோயரை வாங்கி வி-8 பெட்ரோல் இஞ்சின் தலையில் உட்கார வைத்தார்கள். பானட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கும் ப்ளோயர் என்ற காட்சி அங்கே பிறந்தது. பந்தயக் காரின் அடையாளமாக உலகம் பார்க்கும் பொருள் உண்மையில் லாரியின் பாகம்.

தமிழர்கள் இந்த ப்ளோயரின் குரலைக் கேட்டு வளர்ந்த இடம் ஒன்று உண்டு: இலங்கை மலையகம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்த எம்-2 டீசல் எஞ்சின்கள், ஒண்டாரியோ, ஆல்பர்ட்டா என்று கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கி வந்தவை, ரூட்ஸ் ப்ளோயர் வைத்த டூ-ஸ்ட்ரோக் வகை. 1979-இல் ஜெர்மனியிலிருந்து வந்த எம்-6 எஞ்சின்களும் அதே குடும்பம். ஹட்டன், நானுஓயா தாண்டி, ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையம் வரை அவை பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறின. தேயிலை மலை, தமிழ் பேசும் தொழிலாளர் குடியிருப்பு, வளைந்து வளைந்து ஏறும் பாதை: மூணாறுக்காரருக்கு அந்நியமாகத் தெரியாத ஊர்.

காரில் இது நீண்ட காலம் பந்தயக்காரர்களோடு நின்றுபோயிருந்தது. 1989-இல் ஃபோர்டு தண்டர்பேர்ட் சூப்பர் கூப்பேயில் ஈட்டன் நிறுவனத்தின் ப்ளோயர் வந்த பிறகு அன்றாடக் கார்களுக்குப் பரவலாகத் திரும்பியது. முறுக்கிய மூன்று மடல் ரோட்டர், மூடிய பற்சக்கரப் பெட்டி, தேவையில்லாதபோது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு. 1990-களின் நடுவில் மெர்சிடிஸ் இதை எடுத்துக்கொண்டது. 2002-இல் வந்த 1.8 லிட்டர் இஞ்சின் ஈட்டனின் எம்-45 ப்ளோயரோடு சி-கிளாஸில் புகுந்தது. சி 200 கம்ப்ரெஸரில் 163 குதிரைத்திறன், அடுத்த தலைமுறை சி-கிளாஸில் 184. இந்தியாவில் புனேயில் பூட்டி விற்றார்கள். இன்று அந்தக் கார்கள் பழைய கார் சந்தையில் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. நம் பக்கத்தில் சூப்பர்சார்ஜர் என்றால் பெரும்பாலும் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

பாலக்காடும் இடுக்கியும் தொட்டுக்கொள்ளும் மாவட்டங்கள் அல்ல. நடுவில் திருச்சூர், எறணாகுளம், தமிழ்நாட்டின் ஆனைமலை எல்லாம் கிடக்கின்றன. ஆனால் வண்டியோட்டிக்கு இரண்டும் ஒரே நாள் பயணத்தின் இரு முனைகள். பாலக்காடு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. மூணாறு ஏறக்குறைய 1,500. கொளுக்குமலைக்கு ஜீப்பில் ஏறினால் 2,000-ஐத் தாண்டிவிடும். மூணாறில் காற்றின் அழுத்தம் 0.85 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சாதாரண பெட்ரோல் இஞ்சின் ஏழில் ஒரு பங்கை மலைக்குக் கொடுத்துவிடுகிறது. ‘வண்டி இழுக்கவில்லை’ என்று டிரைவர்கள் சொல்வதன் கணக்கு அதுதான்.

ரூட்ஸ் ப்ளோயர் இதை எப்படிச் சமாளிக்கிறது? டர்போவைப் போல இழந்ததை முழுதும் ஈடுகட்டுவதில்லை. பெல்ட்டில் பூட்டியிருப்பதால் அதன் விகிதம் ஒன்றுதான். உள்ளே வரும் காற்றை 1.4 மடங்காக்கும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டில் 1 பார் 1.4 ஆகும், மூணாறில் 0.85 பார் 1.19-தான் ஆகும். அழுத்த மீட்டரில் முள் முன்பைவிடத் தாழ்ந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. அந்த 1.19 கடற்கரையில் நிற்கும் சாதாரண இஞ்சினுக்குக் கிடைப்பதைவிட அதிகம். மலைக்குத் தன் பங்கைக் கொடுத்த பிறகும் கையில் மீதி இருக்கிறது.

ஆனால் உயரத்தைவிட இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது வெப்பம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மலை ஏறும்போதுதான் இஞ்சினுக்கு ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏப்ரல் பிற்பகலில் பாலக்காட்டில் 40 டிகிரி. ஜனவரி விடியலில் மூணாறில் பூஜ்யத்தை ஒட்டி வரும். இந்த இரண்டு காற்றின் அடர்த்தியையும் கணக்குப் போட்டால் வித்தியாசம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. வெயில் கீழே எடுத்துக்கொள்வதும் உயரம் மேலே எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட சமம். ஆனால் மெல்லிய குளிர்காற்று திறனை மட்டும் குறைக்கும். மெல்லிய சூடான காற்று இஞ்சினையே உடைக்கும். ரூட்ஸ் ப்ளோயர் காற்றைச் சூடாக்காமல் தள்ளாது. 40 டிகிரியில் உள்ளே போன காற்று, 1.4 மடங்கு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளப்பட்டு வெளியே வரும்போது 90 டிகிரியைத் தாண்டிவிடும். காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் அதை இறக்காமல் விட்டால், சிலிண்டருக்குள் தீப்பொறியின் சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் மீதிப் பெட்ரோல் தானே வெடிக்கும். மெக்கானிக் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதும், ரிங் தாங்கும் விளிம்பு உடைவதும் இதன் பிறகு. ஆகவே சூப்பர்சார்ஜர் காரை ட்யூன் செய்பவர் மூணாறுப் பனியில் அல்ல, பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிச் சரிபார்க்க வேண்டும். கீழே பிழைத்தால் மேலே தானாகப் பிழைக்கும்.

புதிதாகப் பூட்டுவது பற்றியும் இங்கேயே. ப்ளோயரை இஞ்சினோடு இறுக்குவது வேலையின் சிறு பகுதி. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் பெல்ட் ஓரம் தின்றுவிடும். அதிகக் காற்றுக்கு அதிக பெட்ரோல்: பெரிய இஞ்செக்டர், அதற்கேற்ற பம்ப். வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் ஸ்பார்க் பிளக். கடைசியில் இஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யு.வின் கணக்கு முழுவதையும் திருத்தி எழுத வேண்டும். சாதாரணக் காரின் இஞ்சின் ஏற்கெனவே உயர்ந்த கம்ப்ரெஷனோடு வருவதால், ஊதும் அளவைக் குறைத்தே வைப்பது புத்திசாலித்தனம். இத்தனையும் சரியாகச் செய்தாலும் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்வம் தாங்காதவர்களுக்குப் பந்தயத்தளம் இருக்கிறது. கோவையை ஒட்டிச் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பாலக்காட்டுக்குத் தொலைவில்லை. சின்னாறு காட்டுப்பாதையும் போடிமெட்டு வளைவுகளும் சோதனைக் களம் அல்ல. அங்கே யானை கடக்கிறது, தோட்டத்துப் பெண்கள் சாலையோரம் நடந்துபோகிறார்கள்.

ஆக, நம் ஊர்க்காரர் கையில் இருப்பது கம்பெனியே பூட்டிக் கொடுத்த ப்ளோயர். அதைக் காப்பதுதான் வேலை. பற்சக்கரப் பெட்டிக்குள் அதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது. இஞ்சின் ஆயிலோடு அதற்குத் தொடர்பே இல்லை. அளவு நூறு, நூற்றைம்பது மில்லிதான். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்ற பொருள் என்பதால் பலர் திறந்து பார்த்ததே இல்லை. பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரில் அந்த வாக்கை நம்பக் கூடாது. மூடியைத் திறந்தால் கெட்ட வாடை அடிக்கும். புது ஆயிலுக்கே அந்த வாடை உண்டு, அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நிறத்தைப் பாருங்கள். கறுத்து, பளபளக்கும் உலோகத் துகளோடு வந்தால் பேரிங் தேய்கிறது. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, வண்டி சமதரையில், இஞ்சின் ஆறியபின், குறித்த அளவு மட்டும் நிரப்ப வேண்டும். கூடுதலாக ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல்: ஆயில் கடையப்பட்டுச் சூடேறி, சீலைத் தாண்டி ரோட்டர் பக்கம் கசியும்.

நிறுத்தி வைத்த காரில், ஐட்லிங்கில், கடகடவென்று சத்தம் வந்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் மறைந்தால், புல்லிக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் தேய்ந்திருக்கிறது. சிறிய பாகம்தான், ஆனால் மாற்ற ப்ளோயரையே இறக்க வேண்டும். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஊளை என்றால் முன்மூக்குப் பேரிங். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் ஆடினால் அந்தத் தாளளவு இடைவெளி போய்விடும். ரோட்டரும் கூடும் உரசிய பிறகு சரிசெய்ய எதுவும் மிஞ்சாது.

இடைவெளியைக் கெடுக்கும் இன்னொன்று தூசி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் அடிக்கும். பொள்ளாச்சிச் சாலையில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். ஏர் ஃபில்டரின் ஓரம் சரியாக உட்காராமல் இருந்தாலோ, குழாய் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ அந்த மண் நேரே ரோட்டரின் மேல்பூச்சைத் தேய்க்கும். இடைவெளி பெருகும், தள்ளிய காற்று பின்வாங்கிக் கசியும், இழுவை மெல்லக் குறையும். ஒரே நாளில் நடக்காததால் ஓட்டுபவருக்குத் தெரியாது. காற்றுக்காலம் தொடங்கும் முன் ஃபில்டரை மாற்றி, கிளாம்ப்களை இறுக்கிவிடுவது ஆயிரம் சொச்சம் ரூபாய் வேலை.

மழைக்காலத்தில் இடுக்கிப் பக்கம் பெல்ட்தான் பேசும். ஈரக் காலையில் கீச்சிட்டால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவது வழக்கம். டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது பெல்ட்டும் அடுத்த மாதம் கீச்சிடும். இறங்கும்போது இன்னொன்று. போடிமெட்டிலிருந்து போடிக்குக் கியரில் இறங்கி வரும்போது ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும், ப்ளோயர் மட்டும் இஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பைபாஸ் வால்வு திறந்து காற்றைத் திருப்பி விட்டால் அதற்குச் சுமை இல்லை. வால்வு அடைந்து சிக்கியிருந்தால் ப்ளோயர் சும்மாவே சூடேறும். இஞ்சினின் ஆயில் ஆவி படிந்துதான் பெரும்பாலும் சிக்குகிறது. கிளீனர் போட்டுத் துடைத்தால் போதும். அப்போதே இண்டர்கூலரையும் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலை வடித்துவிடலாம்.

மெர்சிடிஸ் 2009-இல் இந்த 1.8 இஞ்சினின் புதிய வடிவத்தில் ப்ளோயரை எடுத்துவிட்டு டர்போ வைத்தது. மாசு விதிகளும் மைலேஜும் அதைக் கேட்டன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடும் ப்ளோயர்களுக்கு அதனால் சாவு வந்துவிடவில்லை. முழு ப்ளோயரை மாற்றச் சொல்லிப் பெரிய தொகை எழுதிக் கொடுத்தால் உடனே தலையாட்ட வேண்டாம். பேரிங், சீல், கப்ளிங் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பிரஸ் வைத்திருக்கும், அவசரப்படாத பட்டறையில் அவற்றை மாற்ற முடியும். ரோட்டர் உரசாமல் இருந்தால் மட்டும். ஆகவே பழைய கம்ப்ரெஸரை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டோ சீட்டோ அல்ல: இன்லெட் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, ரோட்டரின் மேல்பூச்சில் கீறல் இருக்கிறதா என்று.